சர்மத் காஷானி: மறுப்பின் நிலையில் நின்ற ஞானி

இந்திய வரலாற்றெழுத்தில் இடைக்காலம் என்ற பகுப்பு முகலாயப் பேரரசின் காலத்தையும் உள்ளடக்குவதனால், 17ஆம் நூற்றாண்டில் டில்லியில் தலை வெட்டுண்டு மாண்ட சர்மத் காஷானியையும் இடைக்கால ஞானியருள் ஒருவராகவே ஆய்வாளர் எண்ணுகின்றனர். யூதராகப் பிறந்து, ரப்பிகள் எனப்படும் யூத மத அறிஞரின் கல்வியைப் பெற்று, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிப் பாரசீகத் தத்துவம் பயின்று, வணிகராகச் சிந்து நாட்டுக்கு வந்த அவர், அங்கே உடைமையையும் உடையையும் ஒருங்கே துறந்து, இறுதியில் முகலாய இளவரசர் தாரா ஷிக்கோவின் மதிப்புக்குரிய ஞானாசிரியராக விளங்கினார். அவரைப் பற்றிய பிற்கால எழுத்துகளுள் பெரும்பாலானவை அவரைப் பல மதங்களையும் கலந்தவராகவோ மத நல்லிணக்கத்துக்காக உயிர்நீத்தவராகவோ காட்டுகின்றன. எனினும் அவர் காலத்தவரே எழுதிவைத்த குறிப்புகளைத் தனியே பிரித்து வாசிக்கும்போது, இளமையில் பெற்ற யூதக் கல்வி நெடுங்காலம் அவரிடம் உயிர்ப்புடன் இருந்தமையும், மதங்களைக் கலப்பதை விட, தாம் அடையாத நிலையை அடைந்ததாகச் சொல்ல மறுப்பதே அவரது சிந்தனையின் அச்சாக இருந்தமையும் புலப்படுகின்றன. அவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றுகளின் இரண்டு அடுக்குகள்

சர்மத் பற்றிய செய்திகள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. முதலாவது அடுக்கு அவரை நேரிற் கண்டவர்கள் அல்லது அவரது காலத்தில் அதே வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் எழுதியது. அவற்றுள் தலையாயது, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட ‘தபிஸ்தானே மஸாஹிப்’ என்ற நூலாகும். ஆசிய மதங்கள் பலவற்றையும் அவற்றைப் பின்பற்றியோரின் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்த இந்நூலின் ஆசிரியர், ஜொராஸ்திரிய மரபில் எழுந்த ஒரு ஞானக் குழுவைச் சேர்ந்தவர் என்று பல ஆய்வாளர் கருதுகின்றனர். அவர் 1647இல் ஹைதராபாத்தில் சர்மதைச் சந்தித்து, யூத மதம் பற்றிய அத்தியாயத்துக்கு அவரிடமே செய்தி பெற்றார். அடுத்து, பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே டில்லித் தெருக்களில் ஆடையின்றித் திரிந்த சர்மதைக் கண்டு வெறுப்புற்றதையும், உடை உடுத்த மறுத்தமைக்காக அவர் தலை வெட்டப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். மூன்றாமவர், தாராவின் படையில் பணியாற்றிப் பின்னாளில் சென்னையில் குடியமர்ந்த வெனிஸ் நகரத்தவரான நிக்கோலா மனுச்சி. அவர் சர்மதை யூத இனத்தவர் என்றும் நாத்திகர் என்றும் குறிப்பிடுகிறார்.

இரண்டாவது அடுக்கு, அவரது மரணத்தின் பின்னர் தொகுக்கப்பட்ட ‘தஸ்கிரா’ எனப்படும் புலவர் வரலாறுகளிலும் ஞானியர் வரலாறுகளிலும் வளர்ந்தது. வெட்டுண்ட தலையைச் சர்மத் தாமே கையில் ஏந்திப் பள்ளிவாசற் படிகளில் ஏறினார் என்பது போன்ற கதைகள் இவ்வடுக்கைச் சார்ந்தவை. இவற்றை நிகழ்ச்சிச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் ஒரு சமூகம் தன் ஞானியை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு இவையும் சான்றுகளே. இவ்விரு அடுக்குகளையும் வேறுபடுத்தாமல் ஒரே கோவையாகச் சொல்லுவதனாலேயே சர்மதின் வரலாறு பெரிதும் குழம்பியுள்ளது.

காஷானிலிருந்து தட்டா வரை

சர்மத் 1590 அளவில் பிறந்தவர் என்று கணிக்கப்படுகிறது. ஆர்மீனியாவைச் சேர்ந்தவர் எனவும் குறிப்புகள் உண்டெனினும், பாரசீகத்தின் காஷான் நகரத்தவர் என்பதே பெருவழக்கு; காஷானி என்ற அடைமொழியும் அதனையே சுட்டுகிறது. காஷான் அக்காலத்தில் யூதக் கல்விக்குப் பெயர்பெற்ற நகரங்களுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் சஃபவி மன்னர்களான முதலாம் ஷா அப்பாஸ், இரண்டாம் ஷா அப்பாஸ் ஆகியோரின் ஆட்சியில் பாரசீக யூதர்கள் மதமாற்ற நெருக்கடிகளுக்கு உள்ளாயினர் என்பதைக் காஷானைச் சேர்ந்த பாபாய் பென் லுத்ஃப், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதும் மரபில் இயற்றிய தமது செய்யுள் வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். சர்மத் இஸ்லாத்தைத் தழுவியதை இச்சூழலை ஒதுக்கிவிட்டு வாசிப்பது பொருந்தாது.

ஆயினும் நெருக்கடி ஒன்றே அவரை இஸ்லாமிய ஞானத்தின் பக்கம் கொண்டுசென்றது என்று முடிப்பதும் தவறாகும், ஏனெனில் யூத மெய்ஞ்ஞானத்துக்கும் ஸூஃபி வழிக்கும் இடையிலான பாதை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா, உள்ளத்தின் கடமைகளைப் பற்றி அரபு மொழியில் எழுதிய யூத ஒழுக்க நூலில் ஸூஃபிகளின் சொல்லாட்சிகளையும் படிநிலைகளையும் தாராளமாக எடுத்தாண்டார். பெருந்தத்துவ அறிஞர் மைமோனிடீஸின் மகனும் எகிப்திய யூதர்களின் தலைவருமான ஆபிரகாம் (1186–1237), பண்டைய தீர்க்கதரிசிகளின் ஒழுகலாறுகள் ஸூஃபிகளிடமே எஞ்சியுள்ளன என்று கருதி, அவற்றுட் சிலவற்றைத் தம் சமூகத்தினரிடையே மீண்டும் புகுத்த முயன்றார். சர்மத் நடந்த வழி இவ்வாறு முன்னோர் பலர் நடந்து பழகிய வழியே. அவர்கள் யூதராகவே நின்றனர், அவர் எல்லையைக் கடந்தார் என்பதே வேறுபாடு.

பாரசீகத்தில் அவர் முல்லா ஸத்ராவிடமும் மீர் அபுல் காசிம் ஃபிந்திரிஸ்கியிடமும் தத்துவம் கற்றார் என்று தபிஸ்தான் கூறுகிறது. முன்னவர், இருப்பு என்ற ஒன்றே அடிப்படையானது என்றும் பொருள்கள் யாவும் அவ்விருப்பின் வேறுவேறு செறிவுகளே என்றும் வாதிட்ட பெரும் தத்துவ ஞானி. பின்னவர் இந்தியாவுக்குப் பயணம் செய்தவர். வடமொழி அத்வைத நூலான யோகவாசிட்டத்தின் பாரசீக மொழிபெயர்ப்புக்குக் குறிப்புரை எழுதியவர். வீரை ஆளவந்தார் தமிழில் ‘ஞானவாசிட்டம்’ எனப் பாடியதும் அந்த வடமொழி மூலத்தின் வழிவந்ததேயாகும். ஆகவே சர்மத் கப்பல் ஏறுமுன்னரே இந்திய அத்வைதச் சிந்தனை அவரது ஆசிரியர் ஒருவரின் மேசையில் இருந்தது என்பதும், அவர் இந்தியாவில் சந்தித்தது அறிமுகமே இல்லாத ஓர் உலகம் அன்று என்பதும் கவனிக்கத்தக்கவை.

அபய் சந்தும் தோராவின் மொழிபெயர்ப்பும்

வணிகப் பண்டங்களுடன் கடல்வழியாகப் புறப்பட்ட சர்மத் 1632 அளவில் சிந்து ஆற்றின் கழிமுகத்தையடுத்த தட்டா நகரை அடைந்தார். அங்கே அபய் சந்த் என்ற இந்து இளைஞர் மீது அவருக்கு ஆழ்ந்த காதல் உண்டாயிற்று. வணிகத்தைக் கைவிட்டு, உடைகளைக் களைந்து, சன்னியாசி போல அவ்விளைஞரின் வீட்டு வாசலில் அமர்ந்துவிட்டார். அந்த அன்பின் தூய்மையை உணர்ந்த இளைஞரின் தந்தை பின்னர் அவரை வீட்டினுள் ஏற்றுக்கொண்டார் என்று தபிஸ்தான் கூறுகிறது. மனிதக் காதலை ‘இஷ்கே மஜாஸி’ (நிழற் காதல்) என்றும், அதன் வழியே அடையப்படும் இறைக்காதலை ‘இஷ்கே ஹகீகி’ (மெய்க் காதல்) என்றும் பிரித்து, முன்னதைப் பின்னதற்கான படியாகக் கொள்ளும் பாரசீக ஸூஃபி மரபின் இலக்கணத்திலேயே அக்காலத்தவர் இந்நிகழ்ச்சியை விளங்கிக்கொண்டனர். குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக விளித்துப் பாடியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்விலக்கணம் புதிதன்று.

இந்த உறவின் கனி ஒரு நூற்பணியாக அமைந்தது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத செய்தி. சர்மத் அபய் சந்துக்கு எபிரேய மறைநூல்களைக் கற்பித்தார். மாணவர் தோராவின் (மோசேயின் ஐந்து நூல்கள், முஸ்லிம்கள் தவ்ராத் என வழங்குவது) தொடக்கப் பகுதியைப் பாரசீக மொழியில் பெயர்த்தார். ஆசிரியர் அதனைத் திருத்திக் கொடுக்க, தபிஸ்தானின் ஆசிரியர் அதனைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். உலகப் படைப்பிலிருந்து தொடங்கித் தொடக்கநூலின் ஆறாம் அதிகாரம் வரை அப்பகுதி செல்கிறது. யூதத் தொழுகைக்கூடங்களில் தோராவை ஆண்டுதோறும் வாசித்து முடிக்கும் சுற்றில் முதல் வாரத்துக்குரிய பகுதியும் ஆறாம் அதிகாரத்திலேயே முடிவதனால், சர்மத் தம் சிறுவயதுப் பாட முறையையே மாணவருக்கும் கைக்கொண்டார் என்று கருத இடமுண்டு. இஸ்லாத்தைத் தழுவியபின், இந்தியத் துறவிக் கோலம் பூண்ட நிலையில், ஓர் இந்துவுக்கு யூத மறையை யூத முறைப்படி அவர் கற்பித்தமை, மதமாற்றத்தை ஒரு சட்டையைக் கழற்றி வேறொன்றை அணிவது போலக் கருதும் எளிய பார்வையைத் தகர்க்கிறது.

ஆடையின்மைக்கு எசாயாவின் சான்று

சர்மதின் ஆடையின்மை இந்தியத் துறவிகளைப் பார்த்து மேற்கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை. வடநாட்டு நாகா சாதுக்களும் திகம்பர சமணத் துறவிகளும் அக்காலத்தில் யாவரும் அறிந்த காட்சி. தமிழகத்திலும் காவிரிக் கரையில் ஆடையின்றித் திரிந்த சதாசிவ பிரம்மேந்திரரின் கையை இஸ்லாமியச் சிற்றதிகாரி ஒருவர் வெட்டினார் என்ற கதை வழங்குகிறது. ஆனால் தம் செயலுக்குச் சர்மத் காட்டிய நியாயம் இந்திய நூல்களிலிருந்து வந்ததன்று. இஸ்ரவேலரிடையே ஆடையின்மை குற்றமாகக் கருதப்படவில்லை என்றும், எசாயா இறைவாக்கினரும் தம் இறுதிக் காலத்தில் ஆடையின்றித் திரிந்தார் என்றும் அவர் கூறியதாகத் தபிஸ்தான் பதிவு செய்கிறது. எபிரேய மறையில் எசாயா நூலின் இருபதாம் அதிகாரம், எகிப்தியரும் எத்தியோப்பியரும் சிறைப்பட்டுச் செல்லவிருப்பதற்கு அடையாளமாக அவர் மூன்றாண்டுகள் ஆடையும் மிதியடியும் இன்றி நடந்தார் என்கிறது. அரசியல் எச்சரிக்கையாக அமைந்த அச்செயலைச் சர்மத் துறவின் முன்மாதிரியாகப் பொருள்கொண்டார். நடைமுறை இந்தியாவினது, வாதம் யூத மறையினது, கேட்போர் முஸ்லிம்கள் என்ற இந்த அமைப்பே அவரது சிந்தனை முறையின் சுருக்கம் எனலாம்.

யூத மெய்ஞ்ஞானத்தின் தடங்கள்

யூதரின் நம்பிக்கைகளாகச் சர்மத் எடுத்துரைத்து, தபிஸ்தான் பதிந்துவைத்த கருத்துகள் வழக்கமான யூத வினா-விடை நூல்களில் காணப்படுபவை அல்ல. இறைவனுக்கு மனித வடிவை ஒத்த ஓர் உருவம் உண்டு. ஆன்மா உடலின் வடிவிலேயே அமைந்த நுண்ணுடல். நன்மை தீமைகளுக்கான பயன் இவ்வுலகிலேயே கிட்டுகிறது. மனித வாழ்வின் 120 ஆண்டுகள் ஒரு பகலாகும், மரணம் அதன் இரவாகும், அவ்விரவில் உடலின் கூறுகள் கனிமமாகவும் தாவரமாகவும் விலங்காகவும் பிரிந்திருந்து மீண்டும் விடியலில் ஒன்றுசேரும் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இவற்றுள் 120 என்ற எண் தொடக்கநூலின் ஆறாம் அதிகாரத்தில் மனிதனின் ஆயுளாகக் கூறப்படுவது. அபய் சந்த் மொழிபெயர்த்த பகுதிக்குள்ளேயே அவ்வசனமும் அடங்கும். இறைவனுக்கு உருவம் கற்பிக்கும் கருத்து, இறையுருவின் அளவுகளைப் பேசும் ‘ஷியூர் கோமா’ என்ற பழைய யூத மறைஞான மரபை நினைவூட்டுகிறது. ஆன்மா மீண்டும் மீண்டும் பிறக்கிறது என்ற ‘கில்குல்’ கொள்கை, 12ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சில் வெளிப்பட்ட ‘பாஹிர்’ நூலிலிருந்து கபாலா எனப்படும் யூத மறைஞானத்தில் இடம்பெற்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் தோன்றிய ‘ஸோஹர்’ நூலின் வழியே பரவி, 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபெத் நகரில் ஐசக் லூரியாவின் மாணவர்களால் முழுமையாக விரித்துரைக்கப்பட்டது. சர்மத் சொன்னவை இந்த நூல்களின் நேரடிப் போதனைகள் என்று கொள்ள இயலாவிடினும், தத்துவவாதிகள் ஒதுக்க முனைந்த இறைவனுக்கு உருவம் கற்பிக்கும் சாயலையும் மறுபிறவிச் சாயலையும் அவர் யூத மதத்தின் முகமாக இந்தியருக்கு எடுத்துக்காட்டினார் என்பது கவனத்துக்குரியது. மறுபிறவியை அறிந்த நாட்டில் யூத மதத்தின் அந்தப் பக்கமே எளிதில் பேசத்தக்கதாக இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான இன்னொரு மரபும் யூத உலகில் இருந்தது. இறைவன் இத்தகையவன் என்று உடன்பாட்டில் எதையும் சொல்ல முடியாது, அவன் இன்னதல்லன் என்று எதிர்மறையிலேயே சொல்ல முடியும் என்று மைமோனிடீஸ் (1138–1204) வாதிட்டார். கபாலா ஞானியரும் இறைவனின் அறியவொண்ணாத நிலையை ‘ஏன் ஸோஃப்’, அதாவது எல்லையற்றது, என்று சுட்டி, அதற்குப் பண்போ பெயரோ கற்பிக்க மறுத்தனர். அறியத்தக்கவை அதிலிருந்து வெளிப்படும் பத்து ‘செஃபிரோத்’ (ஒளிப்படிகள்) மட்டுமே என்றனர். சர்மத் பிறர்க்கு எடுத்துரைத்த யூதக் கொள்கைகள் முதல் மரபைச் சார்ந்திருக்க, அவர் தாம் நின்ற நிலை இந்த இரண்டாம் மரபுக்கே நெருக்கமாக அமைந்தது. அது அவரது விசாரணையைப் பற்றிய மரபில் வெளிப்படையாகத் தெரிகிறது.

தாராவின் நட்பும் அரசின் வாளும்

தட்டாவிலிருந்து லாகூருக்கும், பின்னர் கோல்கொண்டா அரசின் தலைநகரான ஹைதராபாத்துக்கும் சென்ற சர்மதும் அபய் சந்தும் 1650களில் டில்லியை அடைந்தனர். அக்காலத்தில் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிக்கோ, ஸூஃபி ஞானமும் வேதாந்தமும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன என்று ‘மஜ்மஉல் பஹ்ரைன்’ நூலில் வாதிட்டு, 1657இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து முடித்திருந்தார். சர்மதை ஆசானாக விளித்துத் தாரா எழுதிய கடிதமும் அதற்குச் சர்மத் எழுதிய சுருக்கமான மறுமொழியும் கையெழுத்துப் பிரதிகளில் வழங்கிவருகின்றன.

1658இல் சாமுகட் போரில் தோற்ற தாரா 1659இல் கொல்லப்பட்டார். அவரது மரணத்துக்கு நியாயமாக மதத்திலிருந்து பிறழ்ந்தார் என்ற குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டதனால், அவரது ஞானாசிரியர் தலைநகரில் உயிரோடு நடமாடுவது, தாராவை வென்று அரியணை ஏறிய புதிய அரசருக்கு இடராயிற்று. தலைமைக் காழி (நீதிபதி) முல்லா கவியின் முன்னிலையில் சர்மத் மீது ஆடையின்மையும், நபிகளாரின் விண்ணேற்றமாகிய மிஃராஜை உடலளவில் நிகழ்ந்ததாக ஏற்காமல் அகநிகழ்வாகப் பாடியமையும் குற்றங்களாகச் சுமத்தப்பட்டன என்று மரபு கூறுகிறது. 1661 அளவில் அவர் தலை வெட்டப்பட்டது. 1910இல் சர்மதின் வரலாற்றை உருதுவில் எழுதிய மௌலானா அபுல் கலாம் ஆசாத், ஆசியாவில் அரசியல் எப்போதும் மதத்தின் போர்வைக்குள்ளேயே செயற்பட்டது என்ற கருத்தில் நின்று, இக்கொலையின் உண்மைக் காரணம் தாராவுடனான தொடர்பே என்று முடிவு செய்தார். ஆடையின்றித் திரிந்த ஏனைய துறவியர் பலர் அதே அரசில் தண்டிக்கப்படாமல் வாழ்ந்தமை ஆசாத்தின் முடிவுக்கு வலுவூட்டுகிறது.

எனினும் அரசியல் காரணம் அரசர் ஏன் கொல்ல விரும்பினார் என்பதையே விளக்குகிறது; சர்மத் ஏன் தப்பிக்கொள்ளவில்லை என்பதை விளக்கவில்லை. உடுத்துக்கொண்டிருந்தால், அல்லது கேட்ட வாசகத்தைச் சொல்லியிருந்தால், வழக்கு தன் சட்ட அடிப்படையை இழந்திருக்கும். ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்ற கலிமாவின் முதற்பாதி, வணக்கத்துக்குரியவர் எவருமில்லை என்னும் மறுப்பு. இரண்டாம் பாதி, அல்லாஹ்வைத் தவிர என்னும் உறுதிப்பாடு. ஸூஃபிகள் இவற்றை முறையே ‘நஃபி’, ‘இஸ்பாத்’ என்பர். திக்ரு எனப்படும் இறைநினைவுப் பயிற்சியில் மூச்சோடு இசைத்து இவை ஓதப்படுகின்றன. கலிமாவை ஓதும்படி கட்டளையிடப்பட்டபோது சர்மத் முதற்பாதியோடு நிறுத்திக்கொண்டார் என்றும், தாம் இன்னும் மறுப்பின் நிலையிலேயே மூழ்கியிருப்பதாகவும் உறுதிப்பாட்டை எட்டாத நிலையில் அதனை மொழிவது பொய்யாகும் என்றும் விடையளித்தார் என்றும் தஸ்கிராக்கள் கூறுகின்றன.

இக்கதை இரண்டாம் அடுக்கைச் சேர்ந்ததே. ஆனால் தலையை ஏந்திய கதையைப் போல் இது அற்புதத்தை நாடவில்லை. முதல் அடுக்குக் காட்டும் மனிதரோடு இயல்பாகப் பொருந்துகிறது. காழி கேட்டது பொதுவெளியில் சொல்லப்படும் ஓர் அறிக்கை. சட்டத்துக்கு அதுவே போதுமானது. சர்மத் அதனை அகநிலையின் அறிவிப்பாகக் கொண்டார். பக்தாதில் 922இல் கொல்லப்பட்ட மன்சூர் அல்ஹல்லாஜ் தாமே மெய்ம்மை என்று மிகுதியாகச் சொன்னமைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்றால், சர்மத் குறைவாகச் சொன்னமைக்காகத் தண்டிக்கப்பட்டார். மைமோனிடீஸின் எதிர்மறை இறையியலை அறிந்த ஒரு மரபில் வளர்ந்தவர், ஸூஃபிகளின் நஃபியில் தம் பழைய கல்விக்கு இசைவான ஓர் இடத்தைக் கண்டிருக்கக்கூடும் என்ற முடிவு ஊகமே எனினும், சான்றுகள் அதற்கு முரணாக இல்லை.

புத்தளக் கரையின் பட்டறிவு

சர்மதின் வாழ்வு வடநாட்டில் நிகழ்ந்ததெனினும், அதனை இயலச்செய்த கடல்வழிப் பண்பாடு இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் உரியதே. 1154இல் தம் புவியியல் நூலை முடித்த அல்இத்ரீஸி, இலங்கை மன்னரின் பதினாறு அமைச்சர்களுள் நால்வர் யூதர் என்றும், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் கிறிஸ்தவர், எஞ்சிய நால்வர் நாட்டவர் என்றும் எழுதினார். 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, அங்கே தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார் என்றும், ஆதம் மலைக்குச் செல்லத் தமக்கு யோகியரையும் பிராமணரையும் துணையாக அனுப்பினார் என்றும் குறித்துள்ளார். ஒரு முஸ்லிம் யாத்திரிகர் ஆதி மனிதரின் பாதச்சுவட்டை நாடி யோகியரோடு நடந்த அந்தப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு கழித்தே சர்மத் தட்டாவில் இறங்கினார்.

அதே கரையிலுள்ள கற்பிட்டிக் குடாநாட்டில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குக் கத்தோலிக்கரோடு ஏனைய மதத்தவரும் செல்வது இன்றும் வழக்கமாக உள்ளது. இத்தகைய கலந்த வழிபாட்டில் எவரும் தம் மதத்தை விட்டுக் கொடுப்பதில்லை. நேர்த்தியை நிறைவேற்றித் தத்தம் வீட்டுக்கும் தத்தம் வழிபாட்டுக்கும் திரும்புகின்றனர். டில்லி ஜும்ஆ பள்ளிவாசலின் கிழக்குப் பக்கத்தில், செந்நிறம் பூசப்பட்ட சர்மதின் சியாரத்துக்கு (அடக்கத்தலத்துக்கு)ப் பல மதத்தவரும் செல்வதும் இவ்வகையைச் சார்ந்ததே. ஆனால் சர்மத் தாம் செய்தது வேறு. அவர் பிறர் தலத்துக்கு விருந்தினராகச் சென்று திரும்பவில்லை. ஒவ்வொரு மரபின் நூலையும் கற்று, அதன் வாதமுறையைக் கைக்கொண்டு, ஒன்றின் கேள்விக்கு மற்றொன்றின் நூலிலிருந்து விடை கூறினார். கலந்த வழிபாட்டை அரசுகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், ஏனெனில் அது எந்த மதத்தின் உறுதிமொழியையும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. உறுதிமொழியைச் சொல்லத் தகுந்தவர் யார் என்ற கேள்வியை எழுப்புவோரை அவை பொறுப்பதில்லை.

சர்மதை யூதர் எனவும், முஸ்லிம் வலி (இறைநேசர்) எனவும், வேதாந்தி எனவும் வெவ்வேறு தரப்பினர் இன்று உரிமை கொண்டாடுகின்றனர். அவர் பாடியனவாக வழங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட பாரசீக நாலடிப் பாக்களிலிருந்து இம்மூன்றுக்கும் ஆதாரம் காட்ட முடியும் என்பதே, அவ்வழியிற் சென்று அவரை எந்த ஒரு சமூகத்துக்கும் உரியவராக்க இயலாது என்பதற்குப் போதிய சான்று. பயனுள்ள ஆய்வு வேறு திசையில் செல்ல வேண்டியது: ஒவ்வொரு கட்டத்திலும் அவர் எந்த நூலைக் கற்றார், எவருக்குக் கற்பித்தார், எதைச் சொல்ல மறுத்தார் என்று பார்க்கும்போது, பெயர் மாறியும் கோலம் மாறியும் ஒரே அளவுகோல் தொடர்வது தெரிகிறது. அறிந்ததைப் பிறர்க்குத் தயங்காமல் கொடுத்தலும் அறியாததை அறிந்ததாகக் கூறாமையுமே அந்த அளவுகோல். அவருக்கு மரண தண்டனையைப் பெற்றுத்தந்ததும் அதுவே என்பதனால், அவரை நல்லிணக்கத்தின் அடையாளமாக மட்டும் போற்றுவது அவரது வாழ்வின் கடினமான பாதியை விட்டுவிடுவதாகும்.